மலையகக் குளிரில் தோலும் தலைமுடியும்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஜனவரி மாதக் காலையில் இலங்கை மலையகத்து நுவரெலியாவில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழாது. ஏறத்தாழ 24 பாகை செல்சியஸுக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். நுவரெலியாவின் சராசரி வெப்பமோ 16 பாகை அளவில்தான். கொழும்பு வெயிலுக்கோ சென்னை வியர்வைக்கோ சொல்லப்பட்ட பராமரிப்பு முறை இங்கே அப்படியே எடுபடாது. அங்கே சிக்கல் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும். இங்கே காற்று, சுடுதண்ணி, உறைக்காத வெயில்.

முதலில் வாங்க வேண்டியவை ஐந்துதான். தோலுக்கு மென்மையான முகக் கழுவி, மொயிஸ்சரைசர், சன்ஸ்கிரீன். முடிக்கு ஷாம்பு, கொண்டிஷனர். எண்ணெய் எப்படியும் வீட்டில் இருக்கும். சீரம், டோனர், ஸ்கிரப் எல்லாம் முதல் மூன்று மாதத்துக்கு வேண்டாம். ஐந்தையும் ஒரே நாளில் தொடங்கவும் வேண்டாம்: ஒன்றைத் தொடங்கி இரண்டு வாரம் கழித்து அடுத்தது. எல்லாவற்றையும் ஒன்றாகப் பூசி முகம் சிவந்தால், எது செய்த வேலை என்று யாராலும் சொல்ல முடியாது. புதிய கிறீம் எதையும் முழங்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்கு, காலை மாலை என ஒரு வாரம் பூசிப் பார்த்துவிட்டே முகத்துக்குக் கொண்டு போங்கள்.

கழுவுதல்

குளிரில் நடக்கும் பெரிய தவறு சுடுதண்ணிதான். அடுப்பில் கொதித்த தண்ணியைக் கொஞ்சம் விளாவி அப்படியே ஊற்றிக்கொண்டால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் தோலின் மேற்பரப்பில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் கொழுப்பை அந்தச் சூடு கரைத்துக்கொண்டு போய்விடும். மணிக்கட்டின் உட்புறத்தில் ஊற்றிப் பாருங்கள். சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருந்தால் அதுதான் அளவு. பத்து நிமிடத்துக்குள் குளித்து முடியுங்கள்.

சாதாரண சவர்க்காரக் கட்டியின் காரத்தன்மை பி.எச். 9 முதல் 10 வரை. தோலுக்கு இயல்பானது 5 அளவு. உடம்பு அதைத் தாங்கும், முகம் தாங்காது. துணி துவைக்கிற சவர்க்காரத்தை, குளிக்கும் பீலிக்கரையில் அவசரத்துக்கு உடம்பில் போட்டுக்கொள்வதை விட்டுவிடுங்கள். கழுவி ஐந்து நிமிடத்தில் கன்னம் இழுத்துப் பிடித்தால் முகம் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமில்லை, அந்தக் கழுவி உங்களுக்கு ஆகாது என்றுதான் அர்த்தம். காலையில் வெறும் தண்ணி போதும். இரவில் மட்டும் கழுவி போட்டு, விரல் நுனியால் அரை நிமிடம் தேய்த்துக் கழுவுங்கள்.

ஈரத்தைப் பூட்டுதல்

மொயிஸ்சரைசர் தோலுக்குத் தண்ணி கொடுப்பதைவிட, இருக்கும் தண்ணியைப் போகவிடாமல் பிடித்து வைப்பதே அதிகம். அதனால் முகம் துடைத்து, ஈரம் இன்னும் லேசாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் பூச வேண்டும். முகத்துக்கு ஒரு கொண்டைக்கடலை அளவு. லேபலில் கிளிசரின், பெட்ரோலாட்டம், செராமைட் ஆகியவற்றில் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். விலை இரண்டாம் பட்சம்.

பார்மசியில் மலிவாகக் கிடைக்கும் கிளிசரினும் நல்ல பொருள்தான். ஆனால் அதைத் தனியாகப் பூசினால் வறண்ட காற்றில் தோலின் ஈரத்தையே உறிஞ்சிப் பிசுபிசுக்கும். கொதித்து ஆறிய தண்ணி மூன்று பங்குக்குக் கிளிசரின் ஒரு பங்கு கலந்து, ஈரத் தோலில் பூசி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். கலவையை மூன்று நாளுக்கு மேல் வைக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் கை காலுக்கு நன்று. பரு வருகிற முகத்தில் துவாரத்தை அடைக்கும்.

குதிகால் வெடிப்புக்கு: பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணியில் ஊறவைத்து, கால்கல்லால் மெதுவாகத் தேய்த்து, துடைத்து, வாசலினைத் தடிப்பாகப் பூசி, பருத்திச் சொக்ஸ் போட்டுத் தூங்குங்கள். பத்து இரவு தொடர்ந்து செய்ய வேண்டும். இரண்டு நாள் செய்து விட்டால் பலன் இல்லை. தோல் மிகவும் தடித்திருந்தால் 10 சதவீத யூரியா கிறீம் கேட்டு வாங்குங்கள். இரத்தம் கசியும் வெடிப்பில் மட்டும் அது எரியும், அங்கே வாசலினே போதும். நாள் முழுக்க ஈரச் சப்பாத்தோடு நிற்பவர்கள் விரலிடுக்கில் எதையும் பூச வேண்டாம். அங்கே தேவை உலர்வு. வெள்ளையாக ஊறி அரித்தால் அது பூஞ்சணம், ஈரத்தைப் பூட்டும் கிறீம் அதை வளர்க்கும்.

தேயிலைக் கொழுந்துக் கறை பற்றி ஒரு வார்த்தை. பறிக்கிற விரலில் ஏறும் கறுப்பு, இலைச்சாறு காற்றுப் பட்டுக் கறுப்பதால் வருவது. அதைப் போக்கத் தேசிக்காயைத் தேய்த்துவிட்டு வெயிலில் நிற்பது ஆபத்து. தேசிச்சாறும் வெயிலும் சேர்ந்தால் தோல் வெந்து கொப்புளித்து, பல வாரம், சில சமயம் மாதக்கணக்கில் போகாத கருந்தழும்பு விழும். பிளீச்சும் வேண்டாம். எண்ணெயை நகக்கண்ணில் தேய்த்து ஐந்து நிமிடம் விட்டு, சவர்க்காரத்தால் கழுவுங்கள். மிச்சம் தோல் உதிரும்போது தானாகப் போகும்.

உறைக்காத வெயில்

உயரம் 1,000 மீற்றர் கூடினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ பத்து வீதம் கூடும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதாவது வானம் தெளிந்திருக்கும் நேரத்தில் கடலோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு அளவு கூடுதலாகச் சுடும். காற்று குளிர்ந்திருப்பதால் அது தெரியாது. மெல்லிய மேகமும் அந்தக் கதிரை முழுக்க மறிக்காது. மலையில் நாள் முழுக்க நிற்பவர்களின் கன்ன மேட்டில் படியும் மங்கு என்ற கருந்திட்டு இப்படித்தான் இறுகுகிறது. சன்ஸ்கிரீன் இல்லாமல் மங்குக்கு எந்தக் கிறீம் பூசினாலும் அது திரும்பி வரும்.

சன்ஸ்கிரீன் லேபலில் காவல் அளவைக் காட்டும் எஸ்.பி.எஃப். எண் 30 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியான அளவு. வெளியே இறங்க 15 நிமிடத்துக்கு முன் பூசுங்கள். வெயிலில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடியும். ஒரு நாளைக்கு ஒரு முறை பூசினால்கூட 50 மில்லிலீற்றர் டியூப் ஒரு மாதம் சொச்சம்தான் வரும். உங்களுடையது மூன்று மாதம் வந்தால், பூசுவது போதவில்லை. அவ்வளவு செலவு கட்டுப்படியாகாதவர்கள் அகன்ற விளிம்புத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் போடுங்கள். அரைகுறையாகப் பூசிய சன்ஸ்கிரீனைவிட அது நல்ல காவல்.

வெள்ளையாக்கும் கிறீம்களில் லேபல் இல்லாதது, தயாரித்த முகவரி இல்லாதது, ஒரே வாரத்தில் நிறம் மாற்றுவதாகச் சொல்வது, மூன்றையும் தொடாதீர்கள். இப்படிப்பட்டவற்றில் பாதரசமோ கடுமையான ஸ்டீரொயிட்டோ கலந்திருப்பது உலகெங்கும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீரொயிட் முதல் மாதம் பளபளப்பாக்கும். பிறகு தோல் மெலிந்து, இரத்த நாளம் தெரிந்து, நிறுத்தினால் முகம் முழுக்கச் சிவந்து பரு வெடிக்கும். ஏற்கெனவே பல மாதம் பூசியிருந்தால் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டிக் குறையுங்கள்.

தலைமுடி

உறைந்த எண்ணெயை அடுப்பு விளிம்பில் வைத்து உருக்குகிறார்கள். பிளாஸ்டிக் போத்தல் நெளியும், எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். அகன்ற வாய்க் குப்பியில் ஊற்றி வைத்து, வேண்டியதைக் கரண்டியால் எடுத்து, சுடுதண்ணிக் கோப்பைக்குள் சின்னக் கிண்ணத்தை வைத்து இளக்குங்கள். தோள் வரை முடிக்கு இரண்டு தேக்கரண்டி போதும். தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் இறங்கி, கழுவும்போது புரதம் போவதைக் குறைக்கும். அதனால் கழுவுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன் முடியில் தடவுவதுதான் கணக்கு. தலைத்தோலில் வாரக்கணக்கில் ஊற வைப்பது அல்ல. பொடுகு உள்ளவர்கள் தலைத்தோலில் எண்ணெயே வைக்க வேண்டாம். பொடுகைத் தூண்டும் பூஞ்சணம் எண்ணெயைத் தின்றுதான் வளர்கிறது.

வாரம் இரண்டு தடவை கழுவுங்கள். ஒரு தேக்கரண்டி ஷாம்புவைக் கோப்பையில் தண்ணியோடு கலக்கி, தலைத்தோலில் மட்டும் ஊற்றி, நகம் படாமல் விரல் சதையால் தேயுங்கள். வழியும் நுரையே நுனி முடிக்குப் போதும். கொண்டிஷனர் காதுக்குக் கீழே உள்ள முடிக்கு மட்டும், இரண்டு நிமிடம். பொடுகுக்கு 2 சதவீத கீட்டோகொனசோல் ஷாம்புவை ஐந்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். வாரம் இரண்டு தடவை, நான்கு வாரம். போட்டவுடன் கழுவிவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்பவர்களே அதிகம்.

இங்கே முடியைக் கெடுப்பது அழுக்கைவிட ஈரம். மூடுபனியில் நீள முடி அரை நாளானாலும் காயாது. பின்னேரத்தில் தலை முழுகி, ஈரத்தோடு கொண்டை போட்டால் மறுநாள் நாற்றமும் அரிப்பும் வரும். முற்பகலில் முழுகுங்கள். பழைய பருத்திச் சட்டையால் பிழிந்து ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். ஈர முடி இழுபட்டு அறும். அகன்ற பல் சீப்பால் நுனியில் இருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள்.

கொழுந்துக் கூடையின் கயிறு தினமும் தலையில் ஒரே கோட்டில் அழுத்தினால் அந்த இடத்தில் முடி மெலியும். துணியை நாலாக மடித்து அடியில் வைத்து, கயிறு படும் இடத்தை ஒன்றுவிட்டு ஒரு நாள் இரண்டு விரல்கடை நகர்த்துங்கள். உச்சிக் கொண்டையை இறுக்காதீர்கள். முடியின் வேர் ஒருமுறை செத்த இடத்தில் திரும்பி முளைக்காது.

எதற்கு மருத்துவர்

விரலிடுக்கிலும் இடுப்பிலும் இரவில் கூடும் அரிப்பு சொறியாக இருக்கலாம். அதற்கு மொயிஸ்சரைசர் மருந்தல்ல. லயக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டறையில், ஒன்றாக இருக்கும் அனைவரும் ஒரே நாளில் மருந்து பூசி, பாயையும் போர்வையையும் சுடுதண்ணியில் துவைக்க வேண்டும். வட்டமாகப் படரும் தேமல், சீழ் வைத்த பெரும் பரு, காசளவுக்கு வழுக்கை ஆகியவற்றையும் தோட்ட வைத்தியசாலையில் காட்டுங்கள்.

ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ இரண்டு மூன்று மாதத்துக்குப் பிறகு கொத்துக் கொத்தாகக் கொட்டினால் பெரும்பாலும் தானாக நிற்கும். எந்தக் காரணமும் இல்லாமல் மாதக்கணக்கில் கொட்டி, ஏற்றத்தில் மூச்சு வாங்கி, உள்ளிமையும் வெளிறியிருந்தால் எண்ணெய் மாற்றுவதற்கு முன் இரத்தத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். சோற்றோடு சேர்த்துக் குடிக்கும் தேத்தண்ணி, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சரியாக ஏறவிடாது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.