வெறுங்கூட்டில் முதலில் தூங்குங்கள்: பாப்-அப் பிக்கப் கேம்ப்பரைத் தயார் செய்யும் முறை

பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் உட்காரும் பாப்-அப் கேம்ப்பர் இரண்டு விதமாகக் கிடைக்கும். அடுப்பு, சிங்க், அலமாரி எல்லாம் பொருத்தி வருவது ஒன்று. சுவரும் கூரையும் கட்டில் பலகையும் மட்டுமே உள்ள வெறுங்கூடு இன்னொன்று. வண்டி ஓடும்போது கூரை படிந்திருக்கும். நிறுத்திய இடத்தில் தூக்கிவிட்டால் துணிச்சுவர் விரிந்து, உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். வெறுங்கூட்டை வாங்கிவிட்டு எங்கே தொடங்குவது என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வாங்கிய வாரமே நான் ஒரு சமையல் அலமாரி செய்தேன். பார்க்க நன்றாகவே இருந்தது. மூன்றாவது பயணத்தில்தான், கட்டில் பலகையை முழுதாக இழுத்தால் அலமாரியின் மேல்மூடி திறக்காது என்று தெரிந்தது. இரவு தண்ணீர் எடுக்க வேண்டுமென்றால் படுத்திருப்பவரை எழுப்ப வேண்டும். கழற்றி எறிந்தேன். அதனால், கீழே உள்ள வரிசை மாறாமல் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மரவேலை நான்காவதாகத்தான் வருகிறது.

1. எடையைக் கணக்கிடுங்கள்

தொட்டியில் இடம் இருந்தால் மட்டும் போதாது, வண்டி தாங்க வேண்டும். வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை பெரும்பாலும் ஓட்டுநர் கதவை ஒட்டிய தகட்டில் இருக்கும். டேங்க் நிறைய எரிபொருளுடனும், வழக்கமாகப் பயணிக்கும் ஆட்களுடனும் எடைமேடையில் ஏற்றுங்கள். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதுதான் உங்கள் கையிருப்பு.

ஓர் உதாரணம்: அனுமதி 3,000 கிலோ, எடைமேடை காட்டியது 2,350. மீதி 650. கூட்டின் எடை 350 என்றால் கையில் 300 கிலோ. தாராளம் என்று தோன்றும். 40 லிட்டர் தண்ணீர் 40 கிலோ. 18 மில்லிமீட்டர் பிளைவுட், எட்டுக்கு நான்கு அடிப் பலகை ஒன்றே ஏறக்குறைய 35 கிலோ. இரண்டு பலகையில் அலமாரி, ஃபிரிட்ஜ், பேட்டரி, துணிமணி, சாப்பாடு, கருவிப்பெட்டி எல்லாம் சேர்ந்தால் அந்த 300 கரைந்துவிடும். கனமான பொருள்களைத் தாழ்வாகவும், பின் அச்சுக்கு முன்னாலும் வையுங்கள். எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு இன்னொரு முறை எடை போட்டுப் பாருங்கள். அப்போது பின் அச்சை மட்டும் தனியாகவும் எடை போடுங்கள். அதற்கும் ஒரு வரம்பு உண்டு.

2. கூட்டை வண்டியோடு கட்டுங்கள்

பிளாஸ்டிக் விரிப்பு உள்ள தொட்டி வழுக்கும். கூட்டுக்கு அடியில் தடித்த ரப்பர் பாய் போட்டால் நகராது. நான்கு மூலைகளிலும் டர்ன்பக்கிள் (முறுக்கி இறுக்கும் கம்பி இணைப்பு) மாட்டும் வளையங்களைத் தொட்டியின் தகட்டில் மட்டும் முடுக்காதீர்கள். அடியில் அகலமான இரும்புப் பட்டை கொடுத்து முடுக்குங்கள், இல்லாவிட்டால் மேடு பள்ளத்தில் தகடு கிழியும். கையால் இறுக்கி, அதற்குமேல் கொஞ்சம் முறுக்கினால் போதும். முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்திப் பாருங்கள், கட்டாயம் ஏதாவது ஒன்று தளர்ந்திருக்கும்.

கூரை மூடிய நிலையில் தரையிலிருந்து மொத்த உயரத்தை அளந்து, கண்ணில் படும்படி டாஷ்போர்டில் ஒட்டிவையுங்கள்.

3. கூரையைத் தூக்கவும் இறக்கவும் பழகுங்கள்

வீட்டு வாசலிலேயே பத்து முறை செய்து பாருங்கள். வெளியே உள்ள கொக்கிகள் அனைத்தையும் விடுவித்த பிறகே உள்ளே போய்த் தூக்க வேண்டும். ஒரு கொக்கி மாட்டியிருக்கத் தூக்கினால் கூரைச் சட்டம் வளைந்துவிடும். முன்பக்கம் முதலிலா, பின்பக்கம் முதலிலா என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். கையேட்டில் சொன்னபடி செய்யுங்கள்.

இறக்கும்போது கூரை ஜன்னலையோ கதவையோ திறந்து வையுங்கள். உள்ளே அடைபட்ட காற்றுக்கு வழி இல்லையென்றால் துணி வெளிப்பக்கமாக உப்பி, கூரைக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கும். பிறகு வண்டியைச் சுற்றி வந்து, துணி எங்கும் வெளியே தெரியவில்லை என்று பார்த்துவிட்டுக் கொக்கிகளைப் போடுங்கள்.

கூரைமேல் சோலார் பலகையோ சாமான் சட்டமோ ஏற்றினால் அந்த எடையைத் தினமும் நீங்கள்தான் தூக்கப்போகிறீர்கள். தூக்க உதவும் கேஸ் ஸ்ட்ரட்டுகள் குளிரில் வலுக்குறையும். ஏற்றிய எடைக்கு ஏற்ற ஸ்ட்ரட்டை முன்கூட்டியே மாற்றிக்கொள்வது நல்லது.

4. காலிக் கூட்டில் தூங்குங்கள், பிறகு மரவேலை

குறைந்தது நான்கைந்து இரவுகளாவது அலமாரி எதுவும் இல்லாமல் தங்குங்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகள் நான்கு, ஒரு மடக்கு மேசை, கையடக்க அடுப்பு, தண்ணீர் கேன் இவ்வளவே போதும். ஒவ்வொரு காலையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: இரவில் கை எதைத் தேடியது, செருப்பு எங்கே கிடந்தது, மழை வந்தபோது ஈர உடையை எங்கே போட்டீர்கள், எந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை. ஐந்தாவது இரவுக்குப் பிறகு அந்த நோட்டே உங்கள் அலமாரியின் வரைபடம்.

மரவேலை தொடங்கும்போது முதலில் அளக்க வேண்டியது, கூரை மூடிய நிலையில் உள்ளே மிஞ்சும் உயரம். எந்த அலமாரியும் அதைத் தாண்டக்கூடாது. மெத்தைக்கும் இதே விதிதான். படுக்கையை விரித்தபடியே கூரையை மூடலாம் என்று எண்ணித் தடிமனான மெத்தை வாங்கிவிட்டால், தினமும் சுருட்டி இறக்க வேண்டியிருக்கும். 18 மில்லிமீட்டருக்குப் பதில் 12 மில்லிமீட்டர் பிளைவுட் எடுத்தால் எடையில் மூன்றில் ஒரு பங்கு குறையும். அலமாரிக்கு அது போதுமான பலம். ஒட்டுப்பசை போட்டு நிரந்தரமாக்காமல் போல்ட் போட்டுக் கழற்றும்படி பொருத்துங்கள். ஆனால், திடீர் பிரேக்கில் பறந்து வராத அளவுக்குச் சட்டத்தோடு உறுதியாக இருக்க வேண்டும்.

5. மின்சாரம்

புதியவர்கள் அதிகம் பயப்படுவதும் அதிகம் செலவழிப்பதும் இங்கேதான். கணக்கு எளிது. 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்குச் சுமார் 30 முதல் 40 ஆம்ப்-அவர் (பேட்டரியின் கொள்ளளவை அளக்கும் அலகு) இழுக்கும். வெயில் ஏறினால் இன்னும் கூடும். எல்இடி விளக்கும் போனும் அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. 100 ஆம்ப்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 1,280 வாட்-அவர் இருக்கிறது, ஏறத்தாழ இரண்டு நாள் தாங்கும். 100 வாட் சோலார் பலகை நல்ல வெயில் நாளில் 300 முதல் 400 வாட்-அவர் தரலாம். மரநிழலில் நிறுத்தினால் அதை மறந்துவிடுங்கள். வண்டி ஓடும்போது எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து சார்ஜ் செய்யும் டிசி-டிசி சார்ஜரை முதலில் வாங்கச் சொல்வேன். 30 ஆம்பியர் சார்ஜர் இருந்தால், ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் ஒரு நாளைய ஃபிரிட்ஜ் செலவு திரும்பிவிடும். இந்த வகை லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது. எனவே அதைக் கூட்டுக்கு உள்ளேயே வையுங்கள்.

ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை, கருவியை அல்ல. அதனால் அது பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் நீண்ட வயர் விட்டால், அந்த நீளத்துக்குப் பாதுகாப்பே கிடையாது.

வயரின் தடிமனில் கஞ்சத்தனம் வேண்டாம். பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தள்ளி 5 ஆம்பியர் இழுக்கும் ஃபிரிட்ஜ் இருக்கிறது என்று வையுங்கள். போக வர 10 மீட்டர் வயர். 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் வழியிலேயே 0.6 வோல்ட் போய்விடும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.15 தான். பேட்டரியில் சார்ஜ் இருந்தும் நள்ளிரவில் ஃபிரிட்ஜ் நின்றுபோகிறது என்று பலர் தவிப்பதற்குக் காரணம், மெல்லிய வயரால் ஃபிரிட்ஜுக்குக் குறைந்த வோல்டேஜ் போய்ச் சேருவதுதான்.

6. தண்ணீர், அடுப்பு

குழாயும் பம்பும் இப்போதைக்கு வேண்டாம். கைக்குழாய் வைத்த 10 லிட்டர் கேன்கள் இரண்டு போதும். தூக்கிச் சென்று நிரப்பலாம், கழுவிக் காய வைக்கலாம். சமையலை முடிந்தவரை வெளியே, பின்கதவுப் பலகையின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். தீயணைப்பான் கதவருகே இருக்கட்டும். கட்டிலிலிருந்து இறங்கும் வழியில் அடுப்பு வரக்கூடாது.

7. ஈரம்

பாப்-அப் வாழ்க்கையில் நான் அதிகம் போராடியது இதோடுதான். இரண்டு பேர் இரவு முழுக்க மூச்சுவிடும் ஈரம் குளிர்ந்த துணிச்சுவரிலும் அலுமினியச் சட்டத்திலும் போய்த் துளியாக உட்காரும். உள்ளே கேஸ் எரித்தால் இன்னும் மோசம்: 1 கிலோ புரொப்பேன் எரியும்போது சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. குளிருக்காக எல்லாவற்றையும் இறுக மூடினால் காலையில் மெத்தையின் அடிப்பக்கம் நனைந்திருக்கும்.

கூரை ஜன்னலை இரண்டு விரல் திறந்து, தாழ்வான ஜன்னல் ஒன்றையும் அதே அளவு திறந்து வையுங்கள். வெதுவெதுப்பான ஈரக்காற்று மேலே போக, கீழிருந்து காய்ந்த காற்று வரும். மெத்தைக்கு அடியில் மரச்சட்டங்களோ காற்றோட்டமுள்ள வலைப்பாயோ போடுங்கள். காலையில் எழுந்ததும் துணிச்சுவரை ஒரு மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள்.

வெப்பத்துக்கு அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. எரிவதற்கு வேண்டிய காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையையும் வெளியே தள்ளும் ஹீட்டர்தான் பாதுகாப்பு. அது இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று படுக்கை உயரத்தில் இருக்கட்டும். கேஸ் கசிவு அலாரம் தரையருகே. புரொப்பேன் காற்றைவிடக் கனம், கீழே தேங்கும்.

காற்று பலமாக அடிக்கும் இரவில் வண்டியின் முன்பக்கத்தைக் காற்றை நோக்கித் திருப்பி நிறுத்துங்கள். அப்படியும் துணி படபடவென்று அடித்துக்கொண்டால் கூரையை இறக்கிவிட்டு, உட்கார்ந்தோ படுத்தோ சமாளிக்கலாம்.

மழையில் கிளம்ப நேர்ந்து, துணி நனைந்தபடியே மூட வேண்டி வந்தால் அன்று மாலையே எங்காவது நிறுத்தி மீண்டும் தூக்கிக் காய விடுங்கள். இரண்டு நாள் மூடியே கிடந்தால் கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும். தையலில் ஏறிய பூஞ்சைக் கறை எவ்வளவு தேய்த்தாலும் முழுதாகப் போவதில்லை.