பாகம் கிடைக்காத பழைய ஸ்போர்ட்ஸ் கூப்பேயை ஓட்டத்தில் வைத்திருப்பது எப்படி

இருபது முப்பது வருஷம் ஆன இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கூப்பே கையில் இருந்தால் முதலில் ஒரு பழக்கத்தை விட வேண்டும்: உடைந்த பிறகு பாகம் தேடுவது. நாளைக்கே கடையில் வாங்கிவிடலாம் என்கிற வண்டிக்கு அது சரிப்படும். நம் வண்டிக்கு அப்படிச் செய்தால் ஒரு சின்ன பிளாஸ்டிக் கொக்கிக்காக ஆறு மாதம் வண்டி ஷெட்டில் நிற்கும், அந்த ஆறு மாதத்தில் பேட்டரி, பிரேக், டேங்க் என்று இன்னும் நான்கு விஷயம் கெடும்.

பலர் எஞ்சினை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக் இந்த மூன்றும் பெரும்பாலும் அதே கம்பெனியின் நான்கு கதவு வண்டியிலிருந்து வந்தவையாக இருக்கும், அந்த வண்டி லட்சக்கணக்கில் விற்றிருக்கும். சில சமயம் வேறு பெயரில் ஒரு உடன்பிறப்பே இருக்கும். மாஸ்டா எம்எக்ஸ்-6க்கும் ஃபோர்டு புரோபுக்கும் அடித்தளம் ஒன்று, 2.5 லிட்டர் வி6 எஞ்சினும் ஒன்று. மிட்சுபிஷி 3000ஜிடி, ஜிடிஓ, டாட்ஜ் ஸ்டெல்த் மூன்றும் அடியில் ஒரே கார். ஏழாம் தலைமுறை டொயோட்டா செலிகாவில் வந்த 1.8 லிட்டர் 2இசட்இசட் எஞ்சின் லோட்டஸ் எலீஸிலும் இருக்கிறது. உங்கள் வண்டிக்கு யார் யார் உறவு என்று ஒரு வார இறுதி உட்கார்ந்து கண்டுபிடித்து எழுதி வையுங்கள், பாதிக் கவலை அங்கேயே தீரும்.

நிஜமாகவே கிடைக்காமல் போவது வேறு பட்டியல்: டோர் பீடிங் (கதவு ஓரத்து ரப்பர் பட்டை), பின் கண்ணாடி, விளக்குகள், பம்பர், டேஷ்போர்டு பிளாஸ்டிக், கதவின் உள் கைப்பிடி, எஞ்சின் கம்ப்யூட்டர். இவை அந்த ஒரு மாடலுக்கு மட்டுமே செய்யப்பட்டவை, செய்த அச்சே இப்போது இருக்காது. அதனால் உங்கள் நேரமும் கவனமும் முதலில் போக வேண்டிய இடம் இதுதான். தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்பது பிரேக் பேடுக்குப் பொருந்தும், பின் கண்ணாடிக்குப் பொருந்தாது.

சரி, தேடுவது எப்படி? பாகத்தின் பெயரை வைத்துத் தேடாதீர்கள், எண்ணை வைத்துத் தேடுங்கள். கம்பெனியின் பாகப் பட்டியலில் ஒவ்வொன்றையும் பிரித்துக் காட்டும் படமும் பக்கத்தில் எண்ணும் இருக்கும். டொயோட்டா எண்ணில் முதல் ஐந்து இலக்கம் அது என்ன வகைப் பாகம் என்று சொல்லும், 90311 என்று தொடங்கினால் ஆயில் சீல். ஹோண்டாவில் நடுவில் வரும் மூன்று எழுத்தும் இலக்கமும் கலந்த குறி அந்தப் பாகம் முதலில் எந்த மாடலுக்காகச் செய்யப்பட்டது என்று காட்டிக்கொடுக்கும், அதை வைத்தே வேறு எந்த வண்டியில் தேடலாம் என்று யூகிக்கலாம். பழைய எண்ணுக்குப் பதில் புது எண் வந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள், “தயாரிப்பில் இல்லை” என்று கடையில் சொல்வது சில நேரம் பழைய எண்ணை மட்டும் தட்டிப் பார்த்த பதிலாக இருக்கும்.

இன்னொரு எண்ணும் உண்டு, அதுதான் அதிகம் உதவும். கார் கம்பெனி எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. சென்சார், இன்ஜெக்டர், கிளட்ச், பம்ப் எல்லாம் போஷ், டென்சோ, ஐசின், வாலியோ, சாக்ஸ் மாதிரியானவர்கள் செய்து கொடுத்தவை, அவர்களுடைய எண் பாகத்தின் மேலேயே பொறித்திருக்கும். போஷ் எண் 0 280 என்று தொடங்கினால் அது பெட்ரோல் இன்ஜெக்ஷன் சம்பந்தப்பட்டது. அதே எண் வேறு கம்பெனியின் சாதாரணக் குடும்ப வண்டியிலும் இருக்கலாம், அந்தக் கம்பெனியின் பெட்டியில் வாங்கினால் விலையும் குறையலாம். கழற்றியதும் அழுக்கைத் துடைத்து, எண்ணைப் போட்டோ எடுத்து, நோட்டில் தேதியோடு எழுதுங்கள். இந்த நோட்டு கொஞ்ச நாளில் வண்டியின் விலையில் ஒரு பங்காகவே ஆகிவிடும்.

எனக்கு இது புரிந்தது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரால். உறுமல் சத்தம் வந்தது, முழு ஆல்டர்னேட்டரும் மாற்ற வேண்டும், கிடைக்காது, வண்டியை விற்றுவிடுங்கள் என்றார் ஒரு மெக்கானிக். கழற்றிப் பிரித்தேன். உள்ளே இருந்தது 6303 பேரிங். உள்விட்டம் 17, வெளிவிட்டம் 47, அகலம் 14 மில்லிமீட்டர், உலகத்தில் எந்த பேரிங் கடையிலும் கிடைக்கிற சாமான். கடைசி இரண்டு இலக்கம் உள்விட்டத்தைச் சொல்லும்: 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17, 04 முதல் அந்த எண்ணை 5ஆல் பெருக்கினால் போதும். பின்னால் 2ஆர்எஸ் என்றிருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி, சி3 என்றிருந்தால் உள் இடைவெளி கொஞ்சம் கூடுதல், அதையும் அப்படியே கேட்டு வாங்க வேண்டும். ஆயில் சீலும் இப்படித்தான், முகத்திலேயே 35 50 8 என்று மூன்று அளவு இருக்கும். எண் அழிந்திருந்தால் வெர்னியரால் அளந்துகொள்ளலாம்.

ஆனால் ரப்பரில் அளவு மட்டும் பொருந்தினால் போதாது, இங்கே நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். பிரேக் ஆயிலுக்குள் இருக்க வேண்டிய ரப்பர் இபிடிஎம். பெட்ரோல், எஞ்சின் ஆயில் படும் இடத்துக்கு நைட்ரைல். இரண்டையும் மாற்றிப் போட்டால் ஊதிப் பெருத்துக் கெட்டுவிடும், பிரேக்கில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சூடு அதிகம் உள்ள கிராங்க் சீல், கேம் சீலுக்கு எஃப்கேஎம் வகை ரப்பர் கிடைத்தால் அதையே போடுங்கள், நைட்ரைல் 100 டிகிரி வாக்கில் திணற ஆரம்பிக்கும் இடத்தில் அது 200 டிகிரி வரை தாங்கும். பெட்ரோல் ஹோஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை உள்ளிருந்து அரிக்கும். இன்ஜெக்ஷன் வண்டிக்கு எஸ்ஏஇ ஜே30ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ், டேங்குக்குள்ளே பெட்ரோலில் முழுகிக் கிடக்கும் துண்டுக்கு ஜே30ஆர்10. சாதாரண ஹோஸை டேங்குக்குள் போட்டால் வெளிப்பக்கத்திலிருந்து கரைந்து வரும். பழைய கூப்பே தீப்பிடித்து எரிவதற்கு ஹோஸ் கசிவு பெரிய காரணம், என் வண்டியில் நான் முதலில் மாற்றியது இதைத்தான்.

பழைய பாகத்தை எறியாதீர்கள். புதியது பொருத்தி, ஓட்டி, சில மாதம் நன்றாக இருக்கிறது என்று உறுதியாகும் வரை வைத்திருங்கள், முடிந்தால் அதற்குப் பிறகும். தவறான பாகம் வந்துவிட்டால் ஒப்பிட அதுதான் இருக்கும், செப்பனிடவும் அதுதான் வேண்டும். பிரேக் காலிப்பருக்கு சீல் கிட் பிஸ்டன் விட்டத்தை வைத்துக் கிடைக்கும். கிளட்ச் பிளேட்டுக்குப் புது லைனிங் அடித்துத் தருவார்கள். ரேடியேட்டரின் மேல் தொட்டி பிளாஸ்டிக்காக இருந்து பழுப்பேறியிருந்தால் அது நடுவழியில் வெடிப்பதற்கு முன்னால் முழு அலுமினியத்தில் ஒன்று செய்துகொள்வது நல்லது. சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறையான பூட் லேசாக வெடித்த அன்றே மாற்றுங்கள். பூட் சுலபமாகக் கிடைக்கும், மண் புகுந்து ஜாயின்ட் போனால் அது கிடைக்காது.

இனி கூப்பேக்கே உரிய தொல்லைகள். இரண்டே கதவு என்பதால் கதவு நீளம், கனம். திறந்த கதவின் நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், ஆடினால் கீல் ஆணியும் புஷ்ஷும் தேய்ந்துவிட்டன. லேத் பட்டறையில் பித்தளையில் புஷ் கடைந்து வாங்கலாம், சின்ன வேலை. அதை விட்டுவைத்தால் கதவு தொங்கி, பூட்டு தேய்ந்து, பீடிங் கிழிந்து கடைசியில் கிடைக்காத பாகத்தில் போய் முடியும். இறங்கும்போது கதவின் மேல் கையை ஊன்றி எழும் பழக்கமும் இதற்கு ஒரு காரணம், வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.

கண்ணாடிக்குச் சட்டம் இல்லாத கதவு என்றால் பீடிங்தான் உயிர். சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலரவிட்டு, சில மாதங்களுக்கு ஒரு முறை சிலிகான் கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள், சாதாரண கிரீஸோ எஞ்சின் ஆயிலோ தடவினால் ரப்பர் உப்பிவிடும். காற்றுச் சத்தமோ மழைத்தண்ணீரோ வந்தால் உடனே பீடிங் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கண்ணாடியின் உயரத்தையும் சாய்வையும் திருத்த கதவுக்குள் போல்ட்கள் உண்டு, பல வண்டிகளில் அதைச் சரிசெய்தாலே சத்தம் நிற்கும். கண்ணாடி ஏறி இறங்கும் பள்ளத்தைச் சுத்தம் செய்து சிலிகான் ஸ்ப்ரே அடித்து வைத்தால் மோட்டாரும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் வழிகாட்டியும் இன்னும் பல வருஷம் வரும்.

சன்ரூஃப் இருந்தால் அதன் மூலைகளில் இருக்கும் வடிகால் குழாயில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், வண்டிக்கு வெளியே கீழே சொட்ட வேண்டும். அடைத்திருந்தால் மெல்லிய நைலான் நரம்பை விட்டு எடுங்கள், காற்றழுத்தம் கொடுத்தால் உள்ளே குழாய் கழன்றுவிடும், அப்புறம் கூரை உறையையே இறக்க வேண்டிவரும். பின் கதவைத் தூக்கும் கேஸ் ஸ்ட்ரட்டுக்கு மாடல் பெயர் தேவையில்லை: மேலே அச்சிட்ட நியூட்டன் எண், முழுதாக நீண்டிருக்கும்போது ஒரு முனையின் மையத்திலிருந்து மறுமுனையின் மையம் வரை நீளம், தண்டின் நீளம், முனையின் வகை, இந்த நான்கும் போதும். மேலெழும் ஹெட்லைட் உள்ள வண்டியில் விளக்கைக் கையால் இழுக்காதீர்கள், உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரமோ புஷ்ஷோ உடையும். மோட்டாரில் கையால் திருப்பும் குமிழ் பெரும்பாலும் உண்டு.

டேஷ்போர்டு, கதவு அட்டை எதையும் குளிரில் கழற்றாதீர்கள். வெயிலில் நிறுத்தியோ ஹேர் டிரையரால் சூடேற்றியோ கழற்றினால் கிளிப் பிழைக்கும். உடைந்த கிளிப்பை 3டி பிரிண்டிங்கில் செய்யலாம், ஆனால் பிஎல்ஏ என்கிற பிளாஸ்டிக் வேண்டாம், அது 60 டிகிரியிலேயே இளகும், வெயிலில் மூடிய காருக்குள் நிற்காது. ஏஎஸ்ஏ, ஏபிஎஸ், நைலான் சரி.

எஞ்சின் கம்ப்யூட்டரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலர் இதைக் கெட்ட பிறகுதான் திறக்கிறார்கள். 1980, 90களின் கம்ப்யூட்டர்களில் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள் உண்டு, உள்ளே திரவம் உள்ள சின்ன மின் பாகங்கள். இருபது வருஷத்துக்கு மேல் ஆனால் அவை கசியும், கசியும் திரவம் போர்டின் செம்புக் கோடுகளைத் தின்னும். அந்தக் காலத்து மிட்சுபிஷி எக்லிப்ஸ், 3000ஜிடியில் இது பிரசித்தம். கெபாசிட்டர் மாற்றுவது சின்ன வேலை, தின்னப்பட்ட போர்டை மீட்பது பெரிய வேலை. பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மீன் நாற்றம், கால்களைச் சுற்றிப் பச்சை, பழுப்புக் கறை இருந்தால் உடனே மாற்ற வேண்டும். மைக்ரோஃபாரட் அளவு அதேதான், வோல்ட் அதே அல்லது கொஞ்சம் அதிகம், வெப்பம் 105 டிகிரிக்கானது. சாலிடரிங் பழக்கம் இல்லாவிட்டால் ரேடியோ, டிவி ரிப்பேர் செய்பவரிடம் கொடுங்கள்.

வயரிங்கில் பாதிப் பிரச்சினை எர்த், அதாவது வண்டியின் உடலோடு சேரும் வயர் இணைப்பு. எர்த் போல்ட்களைக் கழற்றி, பளபளவென்று தேய்த்து, மறுபடி முடுக்குங்கள். நின்ற வண்டி பேட்டரியைக் குடித்தால் மல்டிமீட்டரை பேட்டரி வயரோடு தொடரில் வைத்துப் பாருங்கள், எல்லாம் தூங்கிய பிறகு 50 மில்லி ஆம்பியருக்கு மேல் போகக்கூடாது.

எதை வாங்கிச் சேமிப்பது? கண்ணாடி, விளக்கு, பம்பர், கம்ப்யூட்டர், டேஷ்போர்டு துண்டுகள், கைப்பிடிகள், இவை பழையதாக எங்கே கண்டாலும் விடாதீர்கள். ரப்பரையும் பெல்ட்டையும் குவிக்காதீர்கள், அலமாரியிலேயே கிழடாகும். பிரேக் ஹோஸ், ஸ்டியரிங் பாகம், ஏர்பேக் மூன்றையும் பழையதாக வாங்கவே வேண்டாம். சில கம்பெனிகள் மறுபடி செய்யத் தொடங்கியிருக்கின்றன: நிஸான் 2017 முதல் ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆருக்கும், டொயோட்டா 2020 முதல் ஏ70, ஏ80 சுப்ராவுக்கும். வருஷத்துக்கு இரண்டு முறையாவது பட்டியலைப் பாருங்கள், புதிதாகச் சேர்ந்ததைத் தள்ளிப்போடாமல் வாங்குங்கள்.

போல்ட் கழற்றும் வேலைக்கு முந்தைய இரவே துருநீக்கி எண்ணெய் விடுங்கள், பன்னிரண்டு முனை சாக்கெட்டை வைத்துவிட்டு ஆறு முனை எடுங்கள். வராததோடு மல்லுக்கட்டாமல் சூடு காட்டுங்கள், ஆனால் பக்கத்தில் பெட்ரோல் ஹோஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு. சஸ்பென்ஷனில் ரப்பர் புஷ் மாற்றினால் கடைசி முடுக்கு வண்டி தன் எடையில் நிற்கும் உயரத்தில்தான், தொங்கவிட்டு முடுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

மிச்சம் வழக்கமானவை. டைமிங் பெல்ட்டைக் கிலோமீட்டர் கணக்கில் மட்டும் பார்க்காமல் வருஷக் கணக்கிலும் மாற்றுங்கள், பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். பிரேக் ஆயில் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது அரை மணி நேரம், எஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டுங்கள், ஏசியையும் பத்து நிமிடம் போடுங்கள், கம்ப்ரஸர் சீலுக்கு ஆயில் கிடைக்கும். நிறுத்திய இடத்திலேயே ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்தில் அணைப்பது கெடுதல், சைலன்சரில் தண்ணீர் தேங்கும். டயர் பக்கவாட்டில் 2319 என்றிருந்தால் 2019ஆம் வருஷத்தின் 23ஆம் வாரம், பத்து வருஷம் தாண்டியதை எவ்வளவு பட்டன் இருந்தாலும் கழற்றிவிடுங்கள். பழைய 15 இன்ச் அளவு கிடைக்காவிட்டால் மொத்த விட்டம் 3 சதவீதத்துக்குள் மாறும்படி வேறு அளவு தேர்ந்தெடுக்கலாம், ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி எங்கும் உரசவில்லை என்று பார்த்த பிறகே ரோட்டில் எடுங்கள்.