மலையின் அடிப்பகுதியைப் படிக்க விரும்புவோருக்கு: செட்டிநாட்டிலிருந்து ஒரு வழிகாட்டி

மலைகள் எவ்வாறு உருவாகின்றன என்பதை ஆராயும் நிலவியலாளராக வேண்டும் என்று காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ ஒரு பிள்ளை சொன்னால், "இங்கே மலையே இல்லையே" என்ற பதில்தான் வீட்டில் முதலில் கிடைக்கும். பிரான்மலையையும் குன்றக்குடியையும் விட்டால், கண்ணுக்கெட்டிய தூரம் வரை கண்மாயும் செம்மண் பொட்டலுமே தெரிகின்றன என்பது உண்மைதான். ஆயினும் இந்தத் தொழிலைத் தொடங்க இதைவிடப் பொருத்தமான இடம் குறைவு. இமயம் போன்ற இளமலையில் நாம் காண்பது பெரும்பாலும் மேற்பகுதியை; பல பத்து கிலோமீட்டர் ஆழத்தில் அதன் அடிப்பகுதி வெந்து உருமாறுவதை எவரும் இறங்கிப் பார்க்க முடியாது. தென்தமிழகத்திலோ, ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலப்பகுதிகள் மோதிக் கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது எழுந்த மலைகள் தேய்ந்துபோய், அவற்றின் அடிப்பகுதியே தரைமட்டத்துக்கு வந்திருக்கிறது.

அது எப்படி மேலே வந்தது என்பதைப் புரிந்துகொள்ள நம் ஊர்ப் பேரேட்டு முறை உதவும். புவியின் மேலோடு பிரிந்திருக்கும் பெருந்துண்டுகளான புவித்தட்டுகள் நெருக்குவதால் நிலம் உயர்வதை வரவு என்றும், மழையும் ஆறும் அரித்துச் செல்வதைச் செலவு என்றும் கொண்டால், மலையின் உயரம் அன்றைய ஐந்தொகை. ஆனால் வணிகக் கணக்கில் இல்லாத ஒரு விந்தை இதில் உண்டு: சரக்கை இறக்க இறக்கத் தோணி நீரில் உயர்வதைப் போல, மேற்சுமை அரிபட அரிபட ஆழத்தில் இருந்த பாறை மேலெழுகிறது. இந்த ஒரு கருத்தைத் தெளிவாகப் பிடித்துக்கொண்டவருக்குப் பாடநூலின் பாதி எளிதாகிவிடும்.

முதல் பயிற்சியை வீட்டிலேயே தொடங்கலாம். பழைய வீடுகளின் முகப்பில் பதித்திருக்கும் இத்தாலியப் பளிங்கு கராராவிலிருந்து வந்ததாயின், அது ஒரு காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்பு. அப்பெனைன் மலைத்தொடர் எழுந்தபோது அழுத்தத்திலும் வெப்பத்திலும் மறுபடிகமானது, அதாவது உருகாமலே அதன் படிகங்கள் புதிதாக வளர்ந்தன. சுண்ணாம்புப் பாறையையும் பளிங்கையும் அறிய நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டு நுரைக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். அதை அப்பத்தா வீட்டுத் தரையில் செய்து பார்க்க வேண்டாம். சிவகங்கை அருகே வெட்டியெடுக்கப்படும் கிராஃபைட்டும் அதே வகைச் சாட்சியம்தான்: பழைய படிவுகளில் புதைந்த கரிமம் ஆழத்தில் வெந்து கிடைத்தது.

படிப்பைப் பொறுத்தவரை, மேல்நிலையில் இயற்பியல், வேதியியல், கணிதம் அடங்கிய பிரிவே நல்லது. விண்ணப்பிக்கும்போது ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும்: புவியியல் என்பது ஜியாகிரஃபி, நமக்கு வேண்டியது நிலவியல், அதாவது ஜியாலஜி. சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சிதம்பரம் கல்லூரி, சேலம் அரசு கலைக் கல்லூரி ஆகியவை இப்பாடத்துக்கு நெடுங்காலமாக அறியப்பட்டவை. இளநிலைக்குப் பின், முதுநிலை அறிவியல் நுழைவுத் தேர்வான ஜாமில் நிலவியல் தாளை எழுதி ஐஐடிகளில் முதுநிலை பயிலலாம்.

கல்லூரி நாட்களில் மென்பொருளைவிடக் களப்பணிக்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இமயத்தின் மேற்கு முனையில் உள்ள நங்க பர்வதச் சிகரத்தைச் சுற்றி மலைத்தொடர்கள் ஏன் வளைந்து திரும்புகின்றன என்பதை இந்திய நிலவியலாளர் டி.என். வாடியா 1931இல் விளக்கியபோது செயற்கைக்கோள் படம் ஏதும் இல்லை. நடந்து வரைந்த வரைபடமே இருந்தது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், சாய்வளவியுடன் கூடிய திசைகாட்டி, சுத்தியல், கெட்டி அட்டைக் குறிப்பேடு ஆகிய நான்கும் போதும். பாறையின் அடுக்கு எந்தத் திசையில் ஓடுகிறது, எத்தனை பாகை சாய்கிறது என்பதை அளந்து அந்த இடத்திலேயே எழுத வேண்டும். மாலையில் நினைவிலிருந்து எழுதுவது கள்ளக்கணக்குக்குச் சமம். படம் எடுத்தால் அளவு தெரிய அருகில் ஒரு நாணயத்தையாவது வைக்க வேண்டும். கையால் வரைவது இன்னும் மேல், ஏனெனில் வரையும்போதுதான் கண் மடிப்புகளைப் பின்தொடர்கிறது. திருமயத்திலும் பிள்ளையார்பட்டியிலும் சித்தன்னவாசலிலும் லென்ஸோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சுத்தியலுக்கு இடம் உரிமையாளரின் அனுமதி பெற்ற கல்குவாரிதான்.

கொண்டுவந்த கல்லை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்தால் ஒளி ஊடுருவும். நுண்ணோக்கியில் கனிமங்கள் தெரியும். கார்னெட் என்ற கனிம மணியின் நடுவிலிருந்து விளிம்பு வரை வேதிச் சேர்மானம் மாறுவதிலிருந்து, அது வளர்ந்தபோது இருந்த அழுத்தத்தையும் வெப்பத்தையும் கணிக்கலாம். சிர்கான் என்ற கனிமத்தில் உள்ள யுரேனியம் ஈயமாக மாறுவதிலிருந்து வயது கிடைக்கும். யுரேனியம் 238 பாதியாகக் குறைய ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் ஆவதால், மிகப் பழைய பாறைக்கும் இக்கடிகாரம் பொருந்தும். எந்த இடத்தில், எந்த அடுக்கில் எடுத்தது என்ற எண் கல்லிலும் பையிலும் இல்லாவிட்டால், இவ்வளவு நுட்பமும் வீண்.

வேலைக்கு இரு பாதைகள் உண்டு. முதுநிலை முடித்தவர் மத்தியத் தேர்வாணையத்தின் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வின் வழியே, 1851இல் தொடங்கப்பட்ட இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேரலாம். சம்பளம் நிலையானது, ஆனால் எங்கு, எதற்காகச் செல்வது என்பதைத் துறையே முடிவு செய்யும். மலை உருவாக்கம் ஒன்றையே படிக்க வேண்டுமென்போர் ஆய்வு உதவித்தொகைக்கான நெட் தேர்வைப் புவி அறிவியலில் எழுதி, தேராதூன் வாடியா இமாலய நிலவியல் நிறுவனத்திலோ ஐஐடிகளிலோ முனைவர் பட்டத்துக்குச் சேர்வதே சரி. அங்கே, இந்தியத் தட்டு ஆசியாவை நோக்கி ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்வதையும், அதில் சுமார் 2 சென்டிமீட்டரை இமயம் தாங்குவதையும் ஜிபிஎஸ் கருவிகளால் அளக்கும் பணியில் பங்குபெறலாம்.

பட்டப்படிப்பு முதல் முனைவர் பட்டம் வரை பத்தாண்டுகள் ஆகும் என்பதை வீட்டில் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மூன்றாண்டுத் தவணையில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போய்வந்த குடும்பங்களுக்கு, பிள்ளை செப்டம்பரில் இமயமேறி நவம்பரில் திரும்புவதை விளக்குவது கடினமாக இராது; அங்கே கைபேசிச் சிக்னல் கிடைக்காது என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிவித்துவிடுவது நல்லது.