லூயிஸ் க்ளிக்கை எந்த நூலில் தொடங்கி, எப்படி வாசிப்பது?

2020-இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்கக் கவிஞர் லூயிஸ் க்ளிக்கை வாசிக்க விரும்புகிறவர் முதலில் எதிர்கொள்வது, 1962 முதல் 2012 வரையிலான அவருடைய கவிதைகளை ஒன்றுசேர்த்த தடித்த தொகுப்பாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதை வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்க வேண்டாம். அங்கே இருப்பது 1968-இல் வெளிவந்த ‘ஃபர்ஸ்ட்பார்ன்’. அமெரிக்கக் கவிஞர்களான ராபர்ட் லோவல், சில்வியா பிளாத் ஆகியோரின் சாயல் அழுத்தமாகப் படிந்த அந்த இளவயது நூலைப் பின்னாளில் அவரே கூச்சம் கலந்த பரிவோடுதான் நினைவுகூர்ந்தார். அதில் தொடங்குகிறவர் சில கவிதைகளுக்குள்ளேயே நூலை மூடிவைத்துவிட வாய்ப்புண்டு. இணையத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைக்கும் தனிக் கவிதைகளைக் கொண்டு அவரை மதிப்பிடுவதும் ஏறக்குறைய இதே ஏமாற்றத்தைத் தரும். ஏனெனில் 1990-க்குப் பின் அவர் எழுதியவற்றில் பெரும்பகுதி, ஒரு நூல் முழுவதையும் ஒரே நெடுங்கவிதையாகக் கருதத்தக்க வகையில் கோக்கப்பட்டது. (அவருடைய பெயர் தமிழில் க்ளுக், குளுக் எனப் பலவாறு எழுதப்படுகிறது, தேடும்போது எல்லா வடிவங்களையும் இட்டுப் பார்ப்பது நல்லது. உச்சரிப்பு ‘க்ளிக்’ என்பதுதான்.)

தொடங்க வேண்டிய நூல், 1992-இல் வெளிவந்து மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற ‘த வைல்ட் ஐரிஸ்’. வெர்மான்ட் மாநிலத்து வீட்டுத் தோட்டம் ஒன்றில், வசந்தத்தின் தொடக்கம் முதல் கோடை முடியும்வரை நிகழும் நூல் இது. பூக்களும் களைகளும் ஒரு குரலாகவும், தோட்டத்தைப் பேணும் பெண் ஒரு குரலாகவும், அவளையும் தோட்டத்தையும் படைத்த கடவுள் ஒரு குரலாகவும் பேசுகிறார்கள். பேசுவது யார் என்பதைப் பெரும்பாலும் தலைப்பே சொல்லிவிடும். செடியின் பெயர் தலைப்பாக இருந்தால் பேசுவது செடி. கிறித்தவ மடங்களின் காலை, மாலை வழிபாடுகளைக் குறிக்கும் ‘மேட்டின்ஸ்’, ‘வெஸ்பர்ஸ்’ என்றிருந்தால் பேசுவது அந்தப் பெண். பருவமோ காற்றோ ஒளியோ தலைப்பானால் அநேகமாகக் கடவுள். இதை அறியாமல் படிக்கும்போது ‘நான்’ என்பது யார், ‘நீ’ என்பது யார் என்று ஒவ்வொரு பக்கத்திலும் தடுமாற நேரிடும். ஆங்கிலச் சொற்கள் எளியவை என்பதால் அகராதிக்கு அதிகம் வேலையிருக்காது. ஆனால் டிரில்லியம், சில்லா, லேமியம் போன்ற செடிகளின் படங்களை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அவற்றுள் நிழலில் வளர்வது எது, பனி உருகும் காலத்திலேயே பூப்பது எது என்று தெரிந்திருந்தால், அந்தச் செடி ஏன் அப்படிப் பேசுகிறது என்பது தானே விளங்கும்.

தக்காளிச் செடிகளைப் பற்றிய ‘வெஸ்பர்ஸ்’ கவிதையை எடுத்துக்கொள்வோம். நெடுநாளாக ஊரில் இல்லாத நிலக்காரருக்குக் குத்தகைதாரர் கணக்கு ஒப்புவிக்கும் தொனியில், தனக்கு இட்ட பணியில், குறிப்பாகத் தக்காளி விஷயத்தில், தோற்றுவிட்டதாக அந்தப் பெண் கடவுளிடம் தெரிவிக்கிறாள். தக்காளி வளர்க்கத் தன்னை ஊக்குவிக்காமல் இருப்பதே நல்லது என்கிறாள். ஊக்குவிப்பதானால் இந்தக் கனமழையையும் குளிர் இரவுகளையும் நிறுத்திவைக்க வேண்டும், மற்ற இடங்களுக்குப் பன்னிரண்டு வாரக் கோடை கிடைக்கிறதே என்று வாதாடுகிறாள். இதுவரை படிக்கும்போது சிரிப்பு வரவேண்டும். வராவிட்டால் நீங்கள் அளவுக்கு மீறிய பயபக்தியோடு வாசிக்கிறீர்கள் என்று பொருள். இலையில் பரவும் கரும்புள்ளியைப் பற்றிப் பேச்சு வந்த பிறகுதான் குரல் மாறுகிறது. இறந்ததையும் உயிரோடிருப்பதையும் வேறுபடுத்தாத உனக்கு நாங்கள் சுமக்கும் அச்சம் தெரியாமல் இருக்கலாம், ஆனால் இந்தக் கொடிகளுக்குப் பொறுப்பாளி நான் என்று சொல்லி அவள் முடிக்கிறாள். நகைப்பும் குற்றச்சாட்டும் எந்த வரியில் ஒன்றையொன்று தொடுகின்றன என்று பென்சிலால் குறித்துக்கொண்டு இன்னொரு முறை வாய்விட்டுப் படியுங்கள். க்ளிக்கின் ஆற்றலில் பாதி அந்த வரியில் இருக்கிறது.

இதுவரை அவருடைய வாழ்க்கையைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அடுத்து எடுக்க வேண்டிய ‘அராரத்’ (1990) அப்படியன்று. அதற்கு முன் சில செய்திகளை அறிந்துகொள்வது உதவும். க்ளிக் 1943 ஏப்ரல் 22 அன்று நியூயார்க் நகரில் பிறந்து, லாங் ஐலண்டில் யூதக் குடும்பம் ஒன்றில் வளர்ந்தார். எழுத்தாளராக விரும்பி வணிகத்துக்குப் போன அவருடைய தந்தை, கைவினைக் கலைஞர்கள் பயன்படுத்தும் எக்ஸாக்டோ கத்தி உருவானதில் பங்கு கொண்டவர். க்ளிக் பிறப்பதற்கு முன்பே அக்காள் ஒருத்தி இறந்துபோயிருந்தாள். அவளுடைய மரணத்தைத் தாம் அனுபவிக்கவில்லை, அவள் இல்லாமையைத்தான் அனுபவித்தோம் என்ற பொருளில் அவர் எழுதியிருக்கிறார். பதின்பருவத்தில் உணவை மறுக்கும் அனோரெக்ஸியா நோய்க்கு ஆளாகி, ஏழாண்டுக் காலம் உளப்பகுப்பாய்வு சிகிச்சை பெற்றார். ‘அராரத்’ என்பது லாங் ஐலண்டில் உள்ள யூத இடுகாடு ஒன்றின் பெயர் என்பதையும் சேர்த்துக்கொண்டால் போதும்.

இதற்கு மேல் தோண்டித் துருவுவதைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. இரு திருமணங்கள், இரு மணமுறிவுகள் ஆகியவற்றின் ஆண்டுகளைக் கவிதைகளுக்கு எதிரே எழுதி வைத்து ஒப்பிடத் தொடங்கினால், நூல் வழக்குக் கோப்பாகிவிடும். அதைவிட, ‘அராரத்’தின் முதல் கவிதையும் கடைசிக் கவிதையும் நெடுங்காலத்துக்கு முன் தாம் காயப்பட்டதைச் சொல்லும் ஒரே வாக்கியத்தில் தொடங்குவதைக் கவனியுங்கள். நூல் நெடுகத் தாய், தங்கை, தந்தை ஆகியோர் மீது கணக்குத் தீர்த்துக்கொண்டே வந்தவர், கடைசிக் கவிதையில் அதே வாக்கியத்திலிருந்து புறப்பட்டு, வலித்ததற்குக் காரணம் தாம் நேசிக்கப்படாதது அன்று, தாம் நேசித்ததே என்ற இடத்துக்கு வந்து சேர்கிறார். இரண்டு கவிதைகளையும் அடுத்தடுத்துப் படித்தாலும் இது புரியும். ஆனால் இடையில் உள்ள அனைத்தையும் படித்துவிட்டு வருகிறவருக்குத்தான் உறைக்கும்.

இந்த இரு நூல்களுக்குப் பின், இரண்டாம் தொகுப்பான ‘த ஹவுஸ் ஆன் மார்ஷ்லேண்ட்’ (1975) நூலுக்குச் செல்லலாம். அதற்கும் முதல் நூலுக்கும் இடையிலுள்ள ஏழாண்டு இடைவெளியில்தான் க்ளிக்கின் தொழில்வாழ்க்கை திசை திரும்பியது. முறையான கல்லூரிப் படிப்பை முடிக்காதவர் அவர். சாரா லாரன்ஸ் கல்லூரியில் ஒரு கவிதை வகுப்பு, பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லியோனி ஆடம்ஸ், ஸ்டான்லி குனிட்ஸ் ஆகியோரின் பயிலரங்குகள், வயிற்றுப்பாட்டுக்குச் செயலர் வேலை என்று போய்க்கொண்டிருந்தது. முதல் நூல் வெளிவந்ததும் எழுத்து நின்றுவிட்டது. உண்மையான கவிஞர் ஆசிரியப் பணிக்குப் போகக் கூடாது, எழுத்துக்காகவே காத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது அவருக்கு இருந்தது. 1971-இல் வெர்மான்ட்டின் கோடார்ட் கல்லூரியில் கற்பிக்கத் தொடங்கியதும் எழுத்து திரும்பி வந்தது. மாணவர்களின் அரைகுறைக் கவிதைகளில் எது உயிரோடிருக்கிறது என்று தேடும் வேலை, தம் கவிதைக்கும் அதையே செய்யும் பழக்கத்தைக் கொடுத்திருக்க வேண்டும் என்று நான் ஊகிக்கிறேன். இரு நூல்களிலிருந்தும் ஒவ்வொரு கவிதையை அருகருகே வைத்துப் பாருங்கள்: முன்னதில் வாக்கியங்கள் முறிந்து, சொற்கள் நெரிசலாக நிற்கும், பின்னதில் வாக்கியம் நேராகி, குரல் தணிந்திருக்கும்.

தொன்மங்களைக் கையாளும் நூல்களை இதற்குப் பிறகு வைத்துக்கொள்வது வசதி. ‘மெடோலேண்ட்ஸ்’ (1996) முறிந்துகொண்டிருக்கும் இக்காலத் திருமணம் ஒன்றை போருக்குப் பின் வீடு திரும்ப அலையும் ஒடிசியஸ், அவனுக்காகக் காத்திருக்கும் மனைவி பெனலோப்பி ஆகியோரின் கதையோடு பின்னுகிறது. தலைப்போ நியூ ஜெர்சியின் அமெரிக்கக் கால்பந்து அரங்கம் இருக்கும் இடத்தின் பெயர். ‘அவெர்னோ’ (2006) பாதாளத்தின் வாயில் என்று பண்டை ரோமானியர் கருதிய, நேப்பிள்ஸ் அருகிலுள்ள எரிமலை வாய் ஏரியின் பெயரைத் தாங்கி, பாதாளத்துக்குக் கடத்திச் செல்லப்பட்ட பெர்செஃபனியின் கதையை மீண்டும் மீண்டும் கேள்விக்குள்ளாக்குகிறது. கிரேக்கக் கதைகளின் சுருக்கம் தெரிந்திருந்தால் போதும். இரண்டில் ‘அவெர்னோ’வே எனக்கு மேலானதாகப் படுகிறது.

அவருடைய ஆசிரியப் பணியைக் கவிதைக்கு வெளியே இருந்த பிழைப்பு என்று ஒதுக்கிவிட்டால் பாதிப் படமே கிடைக்கும். 1984 முதல் இருபதாண்டுகள் வில்லியம்ஸ் கல்லூரியிலும், 2004 முதல் யேல் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். 2003-04-இல் அமெரிக்காவின் அரசவைக் கவிஞராகவும் இருந்தார். அந்தப் பதவியைவிட முக்கியமானதாக நான் கருதுவது, 2003 முதல் 2010 வரை யேல் இளங்கவிஞர் தொடரின் நடுவராக அவர் செய்த வேலையை. முதல் நூலை இன்னும் வெளியிடாத கவிஞர்களின் கையெழுத்துப் படிகளிலிருந்து ஆண்டுக்கு ஒன்றைத் தேர்ந்து, அதைச் செப்பனிடுவதில் அந்தக் கவிஞரோடு உட்கார்ந்து உழைத்தார். முன்பு அதே நடுவர் இருக்கையில் இருந்தவர்களில் அவருடைய ஆசிரியர் குனிட்ஸும் ஒருவர். க்ளிக் தேர்ந்தவற்றில் ரிச்சர்ட் சைக்கனின் ‘கிரஷ்’, ஃபாடி ஜூடாவின் ‘த எர்த் இன் த அட்டிக்’ ஆகிய இரண்டையாவது படித்துப் பாருங்கள். சைக்கனின் மூச்சுத் திணறும் வேகம் க்ளிக்கின் இயல்புக்கு நேர் எதிரானது; தம்மைப் போல் எழுதாதவரின் வலிமையைக் கண்டுகொண்டவர் எத்தகைய ஆசிரியராக இருந்திருப்பார் என்பதற்கு அந்த நூல் சான்று.

உரைநடையில் இரண்டைத் தவறவிடக் கூடாது. ‘ப்ரூஃப்ஸ் அண்ட் தியரீஸ்’ (1994) தொகுப்பில் கவிஞரின் கல்வியைப் பற்றிய கட்டுரை, மேலே சொன்ன குடும்பச் செய்திகளையும் எழுத்து வறண்ட காலத்தையும் அவர் வாயாலேயே சொல்கிறது. இன்னொன்று நோபல் உரை. உலகின் தலைசிறந்த கவிதை எது என்று சிறுமியாக இருந்தபோது தம் மனத்துக்குள்ளேயே ஒரு போட்டி நடத்தியதையும், இறுதிச் சுற்றில் வில்லியம் பிளேக்கின் கவிதை ஒன்று அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஃபாஸ்டரின் பாட்டு ஒன்றை வென்றதையும் அதில் விவரிக்கிறார். கூட்டத்தை நோக்கி முழங்கும் கவிதையைவிட, ஒரே ஒருவர் காதில் அந்தரங்கமாகச் சொல்லப்படும் கவிதையையே தாம் எப்போதும் விரும்பியதாகக் கூறுவது, அவருடைய எந்த நூலுக்கும் முன்னுரையாகப் பொருந்தும்.

வரிகள் நீண்டு, உரைநடையை நெருங்கும் பிற்கால நூல்களான ‘எ வில்லேஜ் லைஃப்’ (2009), தேசிய நூல் விருது பெற்ற ‘ஃபெய்த்ஃபுல் அண்ட் வர்ச்சுவஸ் நைட்’ (2014) ஆகியவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நோபலுக்குப் பின் வந்தவை இரண்டே: 2021-இல் ஒரு சிறு கவிதைத் தொகுப்பு, 2022-இல் இரட்டைப் பெண் குழந்தைகளின் முதல் ஆண்டைச் சொல்லும் ‘மேரிகோல்ட் அண்ட் ரோஸ்’ என்னும் குறுங்கதை நூல். 2023 அக்டோபர் 13 அன்று அவர் காலமானார். 1962–2012 தொகுப்பில் 2014 முதல் வந்த நூல்கள் எதுவும் இல்லை என்பதால், அவற்றைத் தனியாகத்தான் வாங்க வேண்டும்.