அரசியலமைப்பு, சர்வதேசச் சட்ட ஆய்வுக்கு வருபவர்கள் செய்யும் தவறுகள்

மதுரையில் சட்டம் முடித்துவிட்டு, வக்கீல் தொழிலை விட ஆய்வுதான் பிடிக்கிறது என்று சொல்லும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது. அவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் படிக்கும் முறையில்தான்.

தீர்ப்பைப் படிக்காமல் அதன் சுருக்கத்தைப் படிப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஜல்லிக்கட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014-ல் உச்ச நீதிமன்றம் தடுத்தது, 2023-ல் அனுமதித்தது என்று எழுதினால் அது செய்தி, ஆய்வு ஆகாது. தமிழ்நாட்டின் 2009 சட்டம் மத்திய அரசின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தோடு முரண்படுவதால் செல்லாது என்றது 2014 தீர்ப்பு. உயிர் வாழும் உரிமையைச் சொல்லும் அரசியலமைப்பின் 21-வது பிரிவை விலங்குகள் வரை நீட்டியும் பேசியது. 2023-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு என்பதற்கு முன்தீர்ப்பு இல்லை என்றது. ஜல்லிக்கட்டு பண்பாட்டின் பகுதியா என்பதைச் சட்டமன்றமே முடிவு செய்யட்டும் என்று விலகி நின்று, குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற தமிழ்நாட்டின் 2017 சட்டத் திருத்தத்தை ஏற்றது. நீதிமன்றம் எங்கே இறங்குகிறது, எங்கே ஒதுங்குகிறது? அலங்காநல்லூர் வாடிவாசலில் இருந்து கிளம்பிய இந்தக் கேள்வியிலேயே ஒரு முனைவர் பட்டத்துக்கான விஷயம் இருக்கிறது. சுருக்கத்தில் அது கிடைக்காது.

கையெழுத்திட்ட உடன்படிக்கையெல்லாம் நம்மைக் கட்டுப்படுத்தும் என்று எழுதுவது இன்னொரு தவறு. 2020-ல் சாத்தான்குளம் காவல் மரணங்களை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து விசாரித்தது. அதுபோன்ற வழக்கைப் பற்றி எழுதும்போது சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையை ஆதாரமாக வைக்கத் தோன்றும். இந்தியா அதில் 1997-ல் கையெழுத்திட்டதே தவிர, அதற்குக் கட்டுப்படுவதாக இன்னும் உறுதிசெய்யவில்லை. ஆனால் 1979-ல் இந்தியா சேர்ந்த குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 7-வது பிரிவும் சித்திரவதையைத் தடை செய்கிறது. வாதத்தை அங்கிருந்து தொடங்குங்கள். உடன்படிக்கையை நிறைவேற்றச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை நம் அரசியலமைப்பின் 253-வது பிரிவு நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. அப்படிச் சட்டம் வராத இடத்தில் நீதிமன்றம் என்ன செய்யும் என்பதற்கு பணியிடப் பாலியல் தொல்லை பற்றிய 1997 விசாகா தீர்ப்பைப் படியுங்கள்.

பிழைப்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பணம் கட்டினால் சில நாட்களில் கட்டுரை போட்டுத்தரும் இதழ்கள் பக்கம் போகவே வேண்டாம். கோர்ட்டுக்கும் போய்க்கொண்டு முழுநேரப் பேராசிரியராகவும் இருக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வழக்கறிஞராகத் தொழில் செய்பவர் நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல்தான் சட்டம் கற்பிக்கலாம் என்பது 1979-லிருந்து உள்ள விதி.

சர்வதேசச் சட்டம் என்றாலே தி ஹேக், ஜெனீவா என்று நினைப்பதுதான் எனக்கு அதிகம் வருத்தம் தருகிறது. ராமேஸ்வரம் பக்கத்தில்தானே இருக்கிறது! இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போலவே கச்சத்தீவுக்கு வந்துபோகலாம் என்கிறது 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தம். இலங்கைக் கடற்பகுதியில் இந்தியப் படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்கிறது இரு நாடுகளின் 1976 கடிதப் பரிமாற்றம். இரண்டையும் மூலத்திலேயே படித்துவிட்டு, பாம்பன் மீனவரிடமும் யாழ்ப்பாணத்து மீனவரிடமும் போய்ப் பேசுங்கள். வெளிநாட்டு ஆய்வாளருக்கு அதற்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும், உங்களுக்கு வேண்டாம்.