பழைய இங்கிலாந்துப் பள்ளி மருத்துவ அட்டையை வாசிப்பது எப்படி

அட்டை கையில் கிடைத்ததும் முதலில் தேதியைப் பாருங்கள். 1907ஆம் ஆண்டுச் சட்டத்தால், 1908 ஜனவரி முதல் இங்கிலாந்து, வேல்ஸ் தொடக்கப் பள்ளிகளில் மருத்துவப் பரிசோதனை கட்டாயமானது. சிகிச்சை அப்படியல்ல; உள்ளூர்க் கல்வி நிர்வாகம் விரும்பினால் ஏற்பாடு செய்யலாம், அவ்வளவுதான். அது கடமையானது 1918 சட்டத்தால்தான். ஆகவே 1911ஆம் ஆண்டு அட்டையில் 'டான்சில் வீக்கம், பெற்றோருக்குத் தெரிவிக்கப்பட்டது' என்றிருந்தால், வீட்டுக்குத் தகவல் போயிற்று என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சை நடந்ததா என்பதைப் பிந்தைய தேதிப் பதிவுகளில்தான் தேட வேண்டும்.

அடுத்து எண்கள். உயரம் அங்குலத்தில், எடை பவுண்டில் இருக்கும். சிலர் ஸ்டோன் என்ற பழைய எடை அளவிலும் எழுதியிருப்பார்கள். 14 பவுண்டு ஒரு ஸ்டோன். '2-10' என்பது 2 ஸ்டோன் 10 பவுண்டு; மொத்தம் 38 பவுண்டு, அதாவது சுமார் 17.2 கிலோ. 42 அங்குலம் 106.7 செ.மீ. வயதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். '5.11' என்பது பெரும்பாலும் 5 வயது 11 மாதம். அதைத் தசமமாகக் கணினியில் ஏற்றினால் பதினொரு மாதம் ஒன்றேகால் மாதமாகச் சுருங்கி, ஆறு வயதை நெருங்கிய மெலிந்த பிள்ளை சராசரிப் பிள்ளையாகிவிடும்.

பார்வைக் கட்டத்தில் '6/12' என்றால், நல்ல கண் 12 மீட்டரில் படிக்கும் வரியை இந்தக் கண் 6 மீட்டரில்தான் படித்தது என்று பொருள். இரு கண்களுக்கும் தனித்தனிப் பதிவு இருக்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளையின் கட்டம் காலியாக இருந்தால் 'பார்வை சரி' என்று எழுதிவிடாதீர்கள். ஆறு வயதுக்குக் கீழே பார்வைச் சோதனையை விட்டுவிடலாம் என்பதே அன்றைய விதி. சோதிக்காததைச் சுகமாகக் கணக்கிடுவதுதான் இந்த ஆவணங்களில் நடக்கும் பெரிய பிழை.

'ஊட்டநிலை' மருத்துவரின் கண்மதிப்பு, அளவுகோல் கிடையாது. ஒருவர் 'சாதாரணம்' என்பதை இன்னொருவர் 'குறைவு' என்பார். கையெழுத்தைப் பார்த்து, ஒரே மருத்துவரின் அட்டைகளை மட்டும் ஒப்பிடுங்கள்.

பிறகு தலைமையாசிரியரின் தினக் குறிப்பேட்டை எடுத்து, பரிசோதனை நாளுக்கு முன்னும் பின்னும் சில வாரங்கள் புரட்டுங்கள். தட்டம்மையால் வகுப்பு பாதி காலியாக இருந்ததா, பேன், படர்தாமரை என்று யாரையாவது வீட்டுக்கு அனுப்பினார்களா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். அன்று வராத பிள்ளைக்கு அட்டையே இருக்காமல் போகலாம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளித்ததைக் குறித்த சாப்பாட்டுப் பதிவேடு கிடைத்தால் அதிர்ஷ்டம். 1906 சட்டம் உள்ளூர்க் கல்வி நிர்வாகத்தை உணவளிக்க அனுமதித்ததே தவிர வற்புறுத்தவில்லை; அதற்காக விதிக்கும் உள்ளூர் வரிக்கும், மதிப்பிட்ட சொத்தில் ஒரு பவுண்டு பணத்துக்கு அரைப் பென்னி என்ற வரம்பு இருந்தது. 1914இல் அந்த வரம்பு போயிற்று, விடுமுறையிலும் உணவளிக்க வழி பிறந்தது. அதற்கு முந்தைய பதிவேட்டில் கோடை விடுமுறை வெற்றாக இருந்தால் பக்கம் தொலைந்ததாக நினைக்க வேண்டாம்.