இலைக்கஞ்சி பச்சையாகவே வரவேண்டுமென்றால்

போன மாரியில் நான் முதல் தரம் காய்ச்சிய இலைக்கஞ்சியை அம்மா அகப்பையால் ஒருக்கா கிண்டிப் பார்த்துவிட்டு, "மாட்டுக்கே காய்ச்சினனீ?" என்று கேட்டா. நிறம் அப்படித்தான் இருந்தது, பழுப்பும் சாம்பலும் கலந்த ஏதோ ஒன்று. மூன்று தரம் பிழைத்து நாலாம் தரம்தான் சரிவந்தது. அந்தப் பிழை உங்களுக்கும் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். அரிசி களைவது, தேங்காய்ப்பால் பிழிவதெல்லாம் நான் சொல்லித் தரத் தேவையில்லை.

நாலு பேருக்கு

சிவப்புப் பச்சையரிசி அரைச் சுண்டு, வறுத்த பயறு ஒரு கைப்பிடி, தண்ணீர் எட்டுக் கோப்பை, உள்ளி ஐந்தாறு பல்லு, அரைத் தேங்காயின் முதற்பால், உப்பு அரைத் தேக்கரண்டி, தேசிக்காய் ஒன்று. இலை இரண்டு பெரிய கைப்பிடி. உப்பைக் கூட்டாதீர்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் நில்லுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மத்தியானச் சோறும் கறியும் அந்தக் கணக்குக்குள்தான்.

1. இலை பறித்தல்

வன்னியில் வேலிக்கே போனால் போதும். முடக்கொத்தான், மொசுமொசுக்கை, முசுட்டை, தூதுவளை, கிணற்றடியில் வல்லாரை. எல்லாம் வேண்டுமென்றில்லை, மூன்று வகை இருந்தால் காணும். தூதுவளையில் முள் கவனம்.

ஆனால் இலை தெரியாதவர்கள் தெரிந்த ஆளோடு போங்கள். எங்கள் வேலிகளில் கார்த்திகைப்பூக் கொடியும் படர்ந்திருக்கும். பூ இல்லாத நேரம் அதுவும் ஏதோ ஒரு பச்சைக் கொடிதான். அதன் கிழங்கு முதல் இலை வரை நஞ்சு. அடையாளம் இதுதான்: அதன் இலையின் நுனியே சுருண்டு பக்கத்துத் தடியைப் பற்றிக்கொள்ளும். முடக்கொத்தானிலும் சுருள் உண்டு, ஆனால் அது இலை நுனியில் வராது. காயும் பலூன் மாதிரி ஊதியிருக்கும், உடைத்தால் கறுப்பு விதையில் வெள்ளையாக இதய வடிவப் புள்ளி தெரியும். சந்தேகமென்றால் விடுங்கள், வல்லாரையோடு மட்டும் காய்ச்சலாம்.

புல்லுக்கு மருந்தடிக்கிற வயல் வரம்பில் பறிக்கவே வேண்டாம்.

2. அரிசி

அரிசியையும் பயறையும் உள்ளியோடு குழைய அவியுங்கள். அவ்வளவுதான்.

3. சாறு

கழுவிய இலையைக் குளிர்ந்த தண்ணீர் ஒரு கோப்பை விட்டு அடியுங்கள். உரலில் இடித்துப் பிழிந்தால்தான் ருசி என்று பக்கத்து வீட்டு மாமி சண்டைக்கு வருவா. நான் கிரைண்டர் கட்சி. விட்டு விட்டு அடித்தால் சூடேறாது. மொசுமொசுக்கையில் சொணை இருக்கிறதால் வடிகட்டுவதில் சோம்பல் படாதீர்கள். பிளாஸ்டிக் வடி எனக்குச் சரிவரவில்லை. பழைய பருத்தி வேட்டித் துண்டில் முறுக்கிப் பிழிவதுதான் திறம்.

4. நான் விழுந்த இடம்

முதல் தரம் இலைச்சாற்றை அரிசியோடு சேர்த்தே இருபது நிமிடம் கொதிக்கவிட்டேன். இரண்டாம் தரம் கொஞ்சம் பிந்தி விட்டேன், ஆனால் தேசிப்புளியை அடுப்பிலேயே பிழிந்தேன். நிறமும் போய்ப் பாலும் திரைந்தது. மூன்றாம் தரம் புளியை நிறுத்தினேன், முதற்பாலைக் கொதிக்கவைத்துக் கெடுத்தேன்.

இலையின் பச்சையத்துக்கு நடுவில் மக்னீசியம் இருக்கிறது. சூடும் புளிப்பும் சேர்ந்தால் அது கழன்றுவிடும், பச்சை பழுப்பாகும். ஆகையால் வரிசை இப்படி:

கஞ்சி குழைந்ததும் தணலைக் குறைத்து, உப்பும் முதற்பாலும் விட்டு, விளிம்பில் குமிழி வரத் தொடங்கியதும் இறக்குங்கள். இறக்கிய பிறகு சாற்றை விட்டுக் கிண்டி மூடுங்கள். இரண்டு நிமிடம். பச்சை மணம் பிடிக்காதவர்கள் திரும்ப அடுப்பில் வைத்து ஒரு கொதி மட்டும் காட்டலாம், மூடாமல். தேசிக்காய் சட்டிக்குள் இல்லை, அவரவர் கோப்பையில்.

கூடக் கடிக்கக் குட்டான் பனங்கட்டி ஒரு துண்டு. சீனி வருத்தக்காரருக்கு அது இல்லை, கோபிக்கக்கூடாது.

யார் கேட்டுக் குடிக்கவேண்டும்

வடமத்திய மாகாணத்தில் 1990களில் அடையாளம் காணப்பட்ட, இன்னதால்தான் வருகிறதென்று பிடிபடாத அந்தச் சிறுநீரக நோய் வவுனியாப் பக்கமும் இருக்கிறது. கிளினிக்குக்குப் போகிறவர்கள் இலைச்சாற்றில் பொட்டாசியம் கூட என்பதை நினைவில் வைத்து வைத்தியரிடம் கேட்டபிறகு குடியுங்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் குளிசை போடுகிறவர்களும் வைத்தியரிடம் கேட்டபிறகுதான்.

குடித்துவிட்டுப் படுக்காதீர்கள், நடவுங்கள். கிழமைக்கு 150 நிமிடம் என்பது பெரியவர்களுக்கான கணக்கு, ஐந்து நாளுக்கு அரை மணித்தியாலம். நான் குளக்கட்டில் நடக்கிறேன். யானை இறங்குகிற பக்கமென்றால் விடிந்து வெளிச்சம் வந்தபிறகு போங்கள்.

பிறகு சேர்த்தது

எழுதிப் போட்டதும், "சீனி வருத்தத்துக்குக் குறிஞ்சாவும் போடலாமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். குறிஞ்சா இலையை மென்றுவிட்டுச் சீனியை வாயில் போட்டுப் பாருங்கள், மண் மாதிரி இருக்கும். நாக்கில் மட்டும் வேலைசெய்கிற இலை இல்லை அது. குளிசையோடு சேர்த்துத் தினமும் குடித்தால் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கலாம். குளிசையை நிறுத்திவிட்டுக் கஞ்சி குடிக்கிறேன் என்பது அதைவிட மோசம்.

காய்ச்சலுக்கு இது சுகம் தருமா என்று இன்னொருவர். தடிமனுக்கு மல்லித்தண்ணி, வேர்க்கொம்பு எல்லாம் சரி. 2016இல் இலங்கை மலேரியா இல்லாத நாடென்று அறிவிக்கப்பட்டாலும் டெங்கும் எலிக்காய்ச்சலும் எங்களைவிட்டுப் போகவில்லை. மாரிகாலத்தில் வயலுக்கு இறங்கியவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால் கஞ்சிச் சட்டியை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அதுவரை பரசிற்றமோல் தவிர வேறு நோக்குளிசை வேண்டாம்.

கனடாவில் இருந்து ஒரு அக்கா, வேலியே இல்லாத ஊரில் என்ன செய்ய என்று கேட்டா. வல்லாரையும் முருங்கையிலையும் தமிழ்க்கடையில் கிடைத்தால் போதும் அக்கா. சாற்றை ஐஸ் தட்டில் உறையவைத்து, இறக்கிய கஞ்சியில் கட்டியாகவே போடுங்கள். நானும் செய்து பார்த்தேன், ஒரு கிழமைக்குப் பிறகும் நிறம் நின்றது. எட்டாம் நாள் கரண்ட் போய்விட்டது.